அண்டை வீட்டார் செய்த உபகாரம்

(ஆவடியில் கூடிய நமது சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்று இம்மேடையில் நின்று பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தபொழுது, நம் மரபின் பெருமையைப் பற்றிப் பேசலாமே என்றும் குறிப்பித்தார்கள். அப்பொருள் உயர்ந்ததே. அதனை விரித்துரைக்க எம்மினும் கற்றோர் இச்சபையில் பலர் உளர். யாமோ டாங்கித் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் இரும்போடு பழகி ஓய்வு பெற்றவர்கள். சாஸ்திரம் அறியோம், கண்டதைக் கண்டபடி கூறவே அறிவோம். ஆதலின், எமது வீட்டு அடுக்களையில் நிகழ்ந்த ஓர் அற்ப விபத்தையும், அப்பொழுது அண்டை வீட்டார் எமக்குச் செய்த உபகாரத்தையும் பற்றியே பேச முன்வந்தோம். அற்ப விஷயத்தை ஏன் சபையேற்ற வேண்டும் எனின், அதில் எமது குறை ஒன்றும் அடங்கியிருக்கின்றது. அக்குறை எமது ஒருவருடையது மாத்திரம் அன்று என்று யாம் அஞ்சுகிறோம்.

முதலில் நாம் வாழும் இவ்வூரைச் சிறிது நினைவுகூர்தல் நலம். ஆவடி என்றவுடன் முதியோர்க்கு 1955 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை நினைவுக்கு வரும். தேபர் அவர்கள் அக்கிராசனம் வகித்த அச்சபையிலேதான், சமதர்ம மாதிரியான சமுதாயமே இத்தேசத்தின் குறிக்கோள் என்ற தீர்மானம் நிறைவேறியது. அதன் பின்னர் 1960 ஆம் ஆண்டுகளில் கனரக வாகனத் தொழிற்சாலையும், படையினர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் இங்கே எழுந்தன. விஜயந்தா என்னும் டாங்கிகள் 1965 முதல் இங்கு உருவாகலாயின. அவற்றை உருவாக்கத் திருநெல்வேலியாரும், தஞ்சையாரும், மலையாளத்தாரும், ஆந்திரரும், வடதேசத்தாரும் பெட்டி படுக்கையோடு இரயிலில் வந்து இறங்கினர். 2019 ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்த இவ்வூரிலே, பூர்வீகம் பேசத்தக்கவர் சிலர். பிழைக்க வந்து நிலைத்தவர் பலர். நம் குலத்தாரிலும் பெரும்பாலோர் அங்ஙனம் வந்தவரே.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வீடு ஒதுக்குங்கால், சம்பளப் படியையும் ஊழிய மூப்பையும் பார்த்தனரேயன்றிக் குலம் கோத்திரம் பார்த்தாரில்லை. சுவருக்கு அப்பால் யார் வந்து குடியேறுவார் என்பதைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் அங்கே எமக்கு இருந்ததில்லை. எம் மக்கள் அங்கேதான் பிறந்தனர். அயல் வீட்டாரின் இடுப்பிலும் மடியிலும் வளர்ந்தனர். ஓய்வு பெற்ற பணத்தைக் கொண்டு சொந்த மனையில் வீடு கட்டிய பின்னரே, தெரிந்தெடுக்கும் அதிகாரம் எம் கைக்கு வந்தது. அதனை யாம் எங்ஙனம் உபயோகித்தோம் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. 2024 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை யாமும் எம் மனைவியாரும் அம்பத்தூரில் நமது சங்கத்துக் காரியக் கமிட்டிக்குச் சென்றிருந்தோம். வீட்டில் 81 வயது நிரம்பிய எம் அன்னையாரும், மருமகளும், நான்கு வயதுப் பேரனும் இருந்தனர். மகன் இரவு வேலைக்குப் போய்விட்டான். பொழுது சாயும் வேளை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. மருமகள் புதுச் சிலிண்டரின் மூடியை அகற்றி, ரெகுலேட்டரைப் பொருத்தித் திருகினாள். திருகியவுடன் பாம்பு சீறுவது போன்ற ஓசை எழுந்தது. பதறி ரெகுலேட்டரைத் திருப்பி மூடினாள், சீற்றம் நிற்கவில்லை. வால்வு சரிவர அடைபடாமையே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. வந்த அன்றே அதனைச் சோதித்துப் பாராதது எமது குறை.

சமையல் வாயுவின் இயல்பை நம்மிற் பலர் அறிவதில்லை. அது காற்றினும் கனத்தது. புகையைப்போல மேலே எழாது, நீரைப்போலத் தரையிற் படர்ந்து, தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும் தன்மையது. இயற்கையில் அதற்கு வாசனை இல்லை. கசிவை மனிதர் உணரவேண்டும் என்றே துர்நாற்றமுள்ள ஒரு பொருளை அதில் கலந்து அனுப்புகின்றனர். அன்று அந்த வாயு அடுக்களையின் வாயிற்படியைக் கடந்து கூடத்தை நோக்கிப் படர்ந்துகொண்டிருந்தது. கூடத்தின் கோடியில் வெள்ளிக்கிழமை விளக்கு சுடர்விட்டு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னே எம் அன்னையார் கண் மூடி அமர்ந்திருந்தார்.

இந்நிலையில், நாற்றத்தைப் போக்கவேண்டும் என்று எண்ணிய மருமகள், அடுக்களைப் புகைபோக்கி விசிறியின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். அக்கணத்தில், "சுவிட்சைத் தொடாதேம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மார்பளவு மதிற்சுவரைத் தாண்டிக் குதித்து, கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தார். சுவருக்கு அப்பால் தம் செடிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தவர், நாற்றத்தை உணர்ந்த மாத்திரத்தில் கையிலிருந்த செம்பை எறிந்துவிட்டு ஓடிவந்தாராம். சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும், வீடு முழுவதும் தீப்பிடிக்க என்பதை அவர் அறிந்திருந்தார். எம் வீட்டார் அறிந்திலர்.

அவர் முதலிற் சென்றது சிலிண்டரிடம் அன்று, விளக்கினிடம். வாயால் ஊதினாரில்லை, திரியை எண்ணெய்க்குள் இழுத்து, முறைப்படி அமர்த்தினார். "அத்தனை பதற்றத்திலும் விளக்கை ஊதி அணைக்கலாகாது என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறதே!" என்று எம் அன்னையார் இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கின்றார். பின்னர் அவர் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் கழுத்திற் கயிற்றோடு தொங்கும் மூடியை வால்வின்மேல் அழுத்திப் பொருத்தினார். சீற்றம் நின்றது. வாயு மட்டும் 14.2 கிலோ கொண்ட சிலிண்டரைத் தனியொருவராகத் தூக்கிச் சென்று கொல்லையில் வெட்டவெளியில் வைத்தார். வாயுக் கசிவுக்கென்று ஏற்பட்ட 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தவரும் அவரே. இவ்வளவும் நிகழ ஐந்து நிமிஷம் ஆகியிராது.

வெளியே ஓடிவருங்கால் எம் அன்னையார் வாயிற்படியில் இடறி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டார். அதனைக் கண்டு தெரு முழுவதும் திரண்டது. எதிர் வீட்டு இஸ்லாமிய அம்மையார் எம் பேரனை வாரி எடுத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் இளைஞன், "பாட்டி, என் தோளைப் பிடிச்சுக்கோ" என்று தாங்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரைந்தான். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியார் உடன் சென்று, படம் எடுத்துக் கட்டுப்போடும் வரையில் அருகிலிருந்தார். வேறு இருவர் எம் வாயிலில் நின்று, நாற்றம் நீங்குமளவும் பீடி பற்றவைப்போரை அவ்வழியே விடாது காத்தனர்.

அதே வேளையில் யாம் அம்பத்தூரில் என்ன செய்துகொண்டிருந்தோம்? நம்மவரின் ஒற்றுமையை வளர்க்கும் வழிகளைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம். சபை மரியாதையை உத்தேசித்துக் கைப்பேசியை ஓசையின்றி வைத்திருந்தோம். கூட்டம் முடிந்து அதனை எடுத்துப் பார்த்தபொழுது, பதினொரு முறை அழைப்பு வந்திருந்தது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில், அண்ணனூர் என்னும் இரண்டே நிலையங்கள். அன்று அவ்விரண்டும் எமக்கு இருநூறாகத் தோன்றின. வீட்டை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எம் அன்னையார் கட்டுப்போட்ட கையுடன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவ்வீட்டுத் தம்ளரில் காப்பி அருந்திக்கொண்டிருந்தார். அந்நிய வீடுகளில் நீரும் அருந்தாத வழக்கமுடையவர் அவர் என்பதை இச்சபையில் பலர் அறிவர்.

அன்றிரவு எம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதிர் வீட்டு அம்மையார் ரசஞ்சோறும் அப்பளமும் அனுப்பினார். வெள்ளிக்கிழமைகளில் எம் அன்னையார் மாமிசம் கொள்ளார் என்பதை அவர் அறிவார். சமைத்த பாத்திரமும் புதிது என்று சொல்லியனுப்பினார். எம் அன்னையார் அதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இனிமேல் பாத்திரம் புதிதாக இருக்கவேண்டியதில்லை என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டு வா" என்று பேரனை அனுப்பினார்.

சகோதரர்களே! இனி எமது குறையைக் கூறுவோம். சுவர் தாண்டிக் குதித்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், 2021 ஆம் ஆண்டில் எமது வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தவர். பார்த்த அளவில் நல்ல மனிதர், நிலையான உத்தியோகம், இரண்டு குழந்தைகள். வாடகை பேசி முடிந்தது. முன்பணமும் பேசி முடிந்தது. புறப்படும் சமயத்தில் யாம், "சொந்த ஊர் எது?" என்றோம். சொன்னார். "அங்கே எந்தத் தெரு?" என்றோம். அவ்வினாவின் பொருள் அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். அவர் மறைக்காமற் சொன்னார். மறுநாள், "மாடியை உறவினர் ஒருவருக்கு முன்னமே வாக்களித்துவிட்டோம், மறந்துபோயிற்று" என்று சொல்லி அனுப்பினோம். அப்படி ஓர் உறவினர் இல்லை. மாடி நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. நம் பத்திரிகையில், "நம்மவர்க்கு மட்டும்" என்று விளம்பரம் செய்தோம். அதற்கிடையில் அவர் பக்கத்து வீட்டிற்கே குடிவந்தார். எம் மாடியின் பூட்டு அவர் வாசலிலிருந்து நன்றாகத் தெரியும்.

அவர் இன்ன குலத்தார் என்பதை இச்சபையில் கூற யாம் விரும்பவில்லை. அன்று ஒருமுறை கேட்ட பாவம் போதும்.

விபத்து நிகழ்ந்த மறுநாட் காலையில் யாம் அவரிடம் சென்று, செய்ந்நன்றி கூறி, பழைய விஷயத்தையும் எடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் நகைத்து, "விடுங்கள் ஐயா, உங்கள் மாடியில் இருந்திருந்தால் இந்த வயதில் சுவர் ஏறிக் குதிக்கும் தேகப் பயிற்சி எனக்குக் கிடைத்திராது" என்றார். அவர் மனைவியார் நகைக்கவில்லை. "அந்த மாதத்தில் இந்த வட்டாரத்தில் நாங்கள் ஏறி இறங்கிய வீடுகள் ஒன்பது. உங்களது ஐந்தாவது" என்று மாத்திரம் சொல்லிவிட்டு, எம் முன்னே காப்பியை வைத்தார். அக்காப்பியை யாம் தலை நிமிராமலே அருந்தினோம்.

பெரிய ஆபத்து வருங்கால் மனிதர் ஒன்றுகூடுதல் யாவரும் அறிந்ததே. 2015 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும், முன்பின் அறியாதார்க்குச் சோறும் படகும் தந்தவர்களை நாம் கண்டோம். அரசாங்கம் வந்தது, பத்திரிகைகள் எழுதின, நம் சங்கமும் தன்னால் இயன்ற அரிசி வழங்கியது. ஆனால் ஒரு வீட்டுச் சிலிண்டர் சீறுவதைப் பத்திரிகை எழுதாது. நிவாரணக் கமிட்டி கூடாது. அதனை அறியக்கூடியவன், அந்நாற்றம் எட்டும் தூரத்தில் இருப்பவன் ஒருவனே. பேராபத்தில் ஊர் வரும். சிற்றாபத்தில் அடுத்த வீடு மாத்திரமே வரும். நம் வாழ்நாளில் வரும் ஆபத்துக்களோ பெரும்பாலும் சிறியவை. அச்சிறியவற்றுட் சில, ஐந்து நிமிஷம் கவனியாது விட்டால் பெரியவை ஆகின்றன.

இவ்வுண்மையைப் பிற தேசத்தாரும் கண்டிருக்கின்றனர். 1995 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஜப்பானில் கோபே நகரையும் அதன் அருகிலுள்ள அவாஜித் தீவையும் பூகம்பம் தாக்கியது. இடிபாட்டினின்றும் உயிரோடு மீட்கப்பட்டோரிற் பெரும்பாலோரை மீட்டவர் படையினர் அல்லர். குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. யார் எந்த அறையில் உறங்குவார் என்பதை அயலார் அறிந்திருந்த சிற்றூர்களில், எங்கே தோண்டவேண்டும் என்பதில் ஐயமே எழவில்லை.

நமக்கு இன்னும் அண்மையான பாடம் ஒன்றும் உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. அதன்பின் நிகழ்ந்த மறுவாழ்வை ஆராய்ந்த ஆல்டிரிச் என்னும் அமெரிக்க அறிஞர், 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நம் தமிழ்நாட்டுக் கடற்கரைச் சிற்றூர்களைப் பற்றி எழுதியிருக்கின்றார். ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக அமைந்த இடங்களில் உதவி விரைந்து வந்தது. தம்மவர்க்குச் சீராகப் பங்கிடப்பட்டது. அதே பஞ்சாயத்துக்கள், தம் பட்டியலில் இல்லாத தாழ்த்தப்பட்டோரையும் விதவைகளையும் அவ்வுதவி சேராது தடுக்கும் சுவராகவும் நின்றன. கூடி நிற்பதன் பலமும், கூடி நிற்பதன் குற்றமும் ஒரே இடத்தில் வெளிப்பட்டன. நம் போன்ற சங்கத்தார் இதனைப் படித்துவிட்டு எளிதில் மூடிவைத்தல் இயலாது.

இவ்விடத்தில் நம் பெரியவர் ஒருவர் எம்மிடம் முன்னரே எழுப்பிய ஆட்சேபத்தைக் கூறவேண்டும். "அண்டை வீட்டாரே போதும் என்றால் சங்கம் எதற்கு?" என்று அவர் வினவினார். நியாயமான வினா. எம் தந்தையார் மறைந்த ஆண்டில் எமது பள்ளிச் சம்பளத்தைக் கட்டியது இச்சங்கமே. அந்த ரசீது இன்றும் எம்மிடம் இருக்கின்றது. எம் மகளின் விவாகம் இச்சங்கத்தார் துணையாலே கைகூடியது. அவ்வுபகாரங்களை யாம் மறந்தோமல்லோம். சங்கம் செய்வது நாளைக்கு ஆகும் உதவி. அது கூடி ஆலோசித்து, தீர்மானம் இயற்றி வரும். அயலான் செய்வது இந்நொடிக்கு ஆகும் உதவி. அது சுவரேறிக் குதித்து வரும். இரண்டும் நமக்கு வேண்டும். ஆனால் சங்கத்தின் பெயரால் அயலானைத் தூரத்தில் நிறுத்துவோமாயின், நாளைய உதவிக்காக இந்நொடியின் உதவியை விற்றவர்கள் ஆவோம்.

இன்னொருவர், "அவரவர் வீடு, அவரவர் விருப்பம்" என்றார். விருப்பம் நமதே, மெய்தான். ஆயினும் ஒன்பது வாசல்களில் ஒரே விருப்பம் நிற்குமாயின், ஏறி இறங்குபவர்க்கு அது விருப்பமாகத் தோன்றுமா, மதிற்சுவராகத் தோன்றுமா என்பதைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். நகரங்களிற் சென்ற நம் பிள்ளைகளும் இன்று இதே வினாவுக்கு விடை சொல்லிக்கொண்டுதான் வாசல் வாசலாக ஏறி இறங்குகின்றனர். பெங்களூரில் உள்ள எம் மருமகனிடம், உணவையும் ஊரையும் கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அன்று எமக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்று நாணம் வருகின்றது.

ஆகவே மூன்று விஞ்ஞாபனங்களைச் சபையோர்முன் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது: நமது பத்திரிகையில் வெளிவரும் வாடகை வீட்டு விளம்பரங்களில், "நம்மவர்க்கு மட்டும்" என்னும் வாசகத்தை இனி அச்சிடாதிருத்தல். அவ்வாசகத்தைக் கடைசியாக அச்சிடுவித்தவர்களுள் யாமும் ஒருவர் என்பதனால், இதனைக் கேட்கும் கடமையும் எம்முடையதே.

இரண்டாவது: வரும் ஆண்டு விழாவுக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் அண்டை வீட்டுக் குடும்பம் ஒன்றை விருந்தினராக அழைத்து வருதல். பந்தியில் அவர்களுக்கு வேறு வரிசை கூடாது.

மூன்றாவது, தாய்மார்களுக்கு: ஒவ்வொரு வீட்டாரும் தம் தொலைபேசி எண்ணையும், வீட்டிலுள்ள முதியோர், குழந்தைகள் பற்றிய விவரத்தையும், கூடுமாயின் ஒரு சாவியையும் அடுத்த வீட்டாரிடம் கொடுத்துவைத்தல். சிலிண்டர் வந்த அன்றே வால்வைச் சோதியுங்கள். ரெகுலேட்டர் பொருந்தும் இடத்தில் சோப்பு நீர் தடவினால், கசிவு இருப்பின் குமிழிகள் எழும். ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுங்கள். நாற்றம் வீசினால் விளக்கு, சுவிட்சு, தீக்குச்சி மூன்றையும் நாடாதீர்கள். எரியும் சுடரை அமர்த்திக் கதவுகளைத் திறந்து வெளியே வாருங்கள். வந்து, கூச்சப்படாமல் அடுத்த வீட்டாரைக் கூவி அழையுங்கள். அழைக்கும் உரிமை வேண்டுமாயின், அதற்கு முன்னரே அவர்களோடு பேசியிருக்கவேண்டும்.

முடிவாக ஒன்று கூறி அமர்கின்றோம். சென்ற தை மாதத்தில் எமது மாடிக்கு ஒரு குடும்பத்தார் குடிவந்தனர். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எந்நேரம் வரும் என்னும் மூன்றையும் பேசினோம். நான்காவது வினா பழக்கத்தினாலே நாவின் நுனி வரை வந்தது. எம் அன்னையார் கூடத்திலிருந்து எம்மைப் பார்த்தார். யாம் சாவியை எடுத்து அவர்கள் கையிற் கொடுத்தோம்.